படியில் நிற்காதீர்கள்

நவம்பர் 11, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜனவரியில் கொடுத்த டைரி. இதுவரை கேஸ் சிலிண்டர் வந்த தேதிகள் மட்டும் இதில் இருக்கின்றன, அதுவும் பரிமளாவின் கையெழுத்தில். இன்று முதல் நான் எழுதுகிறேன். வேறு வேலை இல்லை.

மாநகர பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லியே வயிறு வளர்த்தவன் நான். போன வியாழக்கிழமை மழையில் அதே படியிலிருந்து வழுக்கி விழுந்தேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஓடும் வண்டியிலிருந்து விழுந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். இடது காலுக்குப் பட்டை கட்டி, பொங்கல் வரை டியூட்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவர் முனிரத்தினம் ஆப்பிளோடு பார்க்க வந்தான். "இன்னா தணிகாசலம், விசில் அடிக்காமயே எறங்கிட்ட? அது ரூல்ஸ் இல்லியே" என்றான்.

வீட்டு நிலவரம். மகள் மோனிஷா பி.காம். முடித்துவிட்டு டப்பிங் பேசுகிறாள். இதுவரை சீரியல்களில் பக்கத்து வீட்டுப் பெண், நர்ஸ், போனில் அழுகிறவள். இப்போது முதல் தடவையாகக் கதாநாயகி. ஜப்பான் கார்ட்டூன் ஒன்று தமிழில் வரப்போகிறது. கார்ட்டூன் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறாள். "அனிமே ப்பா." சரி, அனிமே.

இன்னொரு நிலவரம். பரிமளாவின் அண்ணன் ஏகாம்பரம் காஞ்சிபுரத்தில் ஒரு வரன் பார்த்திருக்கிறார். பையன் கார் கம்பெனியில் இன்ஜினீயர். குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். மோனியிடம் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்றாள்.

பஸ்ஸில் சிலபேர் இப்படித்தான். எங்கே போகணும் என்று கேட்டால், "எங்க வேணா எறக்கி விடுங்க" என்பார்கள். அந்த மாதிரி ஆளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம். கடைசி ஸ்டாப் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.

நவம்பர் 13, புதன்

உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையெல்லாம் என் தலையில். பூண்டு உரித்தேன். கீரை ஆய்ந்தேன். டியூட்டியே இல்லை, இருந்தும் நேற்று தூக்கத்தில், "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று சொன்னேனாம். பரிமளா காப்பியோடு வந்து புகார் சொன்னாள். இந்தத் தூக்கப் பேச்சு வெளியே போகக்கூடாது என்று அம்மா மகள் இரண்டு பேரிடமும் எப்போதோ சத்தியம் வாங்கியிருக்கிறேன். டெப்போவுக்குத் தெரிந்தால் முனிரத்தினம் ஒருத்தன் போதும்.

உள்ளறையில் மோனி பயிற்சி எடுக்கிறாள். வசனம் இல்லை, வெறும் மூச்சு. ஹா. ஹ்ம்? எஹ். இந்தப் படங்களில் பேச்சைவிட மூச்சுதான் அதிகமாம். அவன் திரும்பிப் பார்த்தால் ஒரு மூச்சு, பென்சில் விழுந்தால் ஒரு மூச்சு, இரண்டு பேர் கையும் ஒரே புத்தகத்தில் பட்டுவிட்டால் பெரிய மூச்சு. கீழ் வீட்டு சரோஜா அக்கா மாடிக்கு வந்து பரிமளாவிடம் ரகசியமாகக் கேட்டார்: "பொண்ணுக்கு வீசிங்கா? மாப்ள வீட்ல சொல்லிட்டீங்களா?"

முதலில் படக்கதைப் புத்தகமாக வந்ததைத்தான் பிறகு அனிமே ஆக்கினார்களாம். முதல் பாகம் மோனியிடம் இங்கிலீஷில் இருக்கிறது. நான் பத்தாவது. படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். முதல் பக்கத்தில் பெண் குடையைப் போட்டுவிட்டு மழையில் ஓடுகிறாள், நடுவில் கொஞ்சம் முறைப்பு, கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் குனிந்து அறிமுகம் செய்துகொள்கிறார்கள். "பிரிவுல ஆரம்பிச்சு அறிமுகத்துல முடிக்கிறான். பரவாயில்ல, யோசிச்சிருக்கான்" என்று பாராட்டினேன்.

மோனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ப்பா, அத வலதுலேர்ந்து இடதுக்குப் படிக்கணும். நீ கடைசிலேர்ந்து வந்துருக்க."

அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. எவ்வளவு நாள் என்று பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். ஏகாம்பரம் ஜாதகம் கொண்டுவந்த நாள் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

மோனியோடு சாலிகிராமம் ஸ்டூடியோவுக்குப் போனேன். வீட்டில் போரடிக்கிறது என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம், நேற்று அவளிடம் கதை என்னவென்று கேட்டதுதான்.

கதைக்குப் பெயர் 'நாளைக்குச் சொல்றேன்'. சிஹோ என்று ஒரு பெண், தகுமா என்று ஒரு பையன். பள்ளிக்கூட நூலகத்தில் சாயங்காலம் புத்தகம் அடுக்குகிற பொறுப்பு இருவருக்கும். அவளுக்கு அவனைப் பிடிக்கும். அவனுக்கு அவளைப் பிடிக்கும். தினமும் சொல்ல வாயெடுக்கிறார்கள். யாரோ தும்முகிறார்கள், மணி அடிக்கிறது, பூனை வருகிறது. சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவ்வளவுதான். இதை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள்.

ஆக, என் மகள் பொங்கல் வரை ஒரு கண்ணாடி அறைக்குள் நின்று எவனையோ நினைத்து உருகப்போகிறாள். அந்தத் தகுமாவுக்குக் குரல் கொடுக்கிறவன் யார்? அந்தக் கேள்விதான் என் காலைத் தூக்கி அவளுடைய ஸ்கூட்டியில் வைத்தது. மடக்க முடியாததால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போனேன். கோயம்பேடு சிக்னலில் ஒரு ஆட்டோக்காரன், "பெருசு, லெஃப்ட்ல திரும்புறியா இன்னா? கால உள்ள போடு" என்றான்.

டப்பிங் இன்சார்ஜ் ரேணுகா மேடம் என்னை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். போகிற வருகிற இளைஞர்களை எல்லாம் டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பது போலப் பார்த்தேன். தண்ணீர் கேன் போட்டவன், முடி வளர்த்த சவுண்டு இன்ஜினீயர். கண்ணாடி போட்ட ஒரு பையன் மட்டும், நான் கேட்காமலே காலை நீட்டி வைக்க ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். எந்தக் கால் என்றுகூடக் கேட்கவில்லை, சரியாக இடது பக்கம் போட்டான். நல்ல பையன். அவன் மேல் சந்தேகம் இல்லை.

நவம்பர் 20, புதன்

தகுமா இன்றும் வரவில்லை. ஸ்டூல் வந்தது.

நவம்பர் 25, திங்கள்

பொறுக்க முடியாமல் ரேணுகா மேடமிடமே கேட்டுவிட்டேன். "ஹீரோ எப்ப வருவாரு மேடம்?"

"அவர் காலையிலயே பேசிட்டுப் போயிடுவார் சார். இப்பல்லாம் ஜோடியா ஒரே மைக்ல நிக்கிறதில்ல. தனித்தனி ட்ராக். அவர் பேசினத மோனிஷா ஹெட்போன்ல கேட்டுட்டு பதில் பேசிடும்."

"அப்ப ரெண்டு பேரும் பாத்துக்கவே மாட்டாங்களா?"

"எதுக்கு சார் பாக்கணும்?"

ஏதோ ஒரு வரியைத் திருத்த இன்று அவர் மதியமும் வந்தார். தகுமாவின் பெயர் சௌந்தர். முன் வழுக்கை, கையில் டிபன் பை, பெரிய பெண் காலேஜில் படிக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை போட்டார். பிறகு என்னைப் பார்த்து, பள்ளிக்கூடப் பையன் குரலில், "வணக்கம் அங்கிள்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் சின்னவர்.

பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில், ஸ்டூல் போடுகிற பையனை டீ குடிக்க அழைத்துப் போனேன். அவன்தான் வசனம் எழுதுகிறவனாம். தூத்துக்குடி. ஜப்பான் மொழியில் பரீட்சை எல்லாம் எழுதியிருக்கிறான். பெயர் இஸ்ரவேல்.

"ஜப்பான்காரன் வாய் அசையிறதுக்கு நாம தமிழ்ல எப்டி தம்பி பேசறது?"

"அதான் சார் வேலையே. அவ வாய மூடுற எடத்துல நம்ம வரியும் மூடிரணும். அர்த்தமும் இருக்கணும், அளவும் இருக்கணும்லா."

அவன் சொல்லித்தான் தெரிந்தது, இந்தக் கதையை இரண்டு தடவை அனிமே ஆக்கியிருக்கிறார்கள். "மொத தடவ எடுக்கையில புக்கே முடியல சார். அதனால அவங்களா ஒரு முடிவு வச்சிட்டாங்க. கடைசி வர ரெண்டு பேரும் சொல்லவே மாட்டாங்க, அவ ரயிலேறிப் போயிருவா. நாம பண்றது ரெண்டாவது. இது புக்குல உள்ளபடியே."

"புக்குல என்ன ஆவுது?"

"அதச் சொல்லிட்டா நீங்க ஸ்டூடியோ பக்கம் வர மாட்டீங்களே சார்."

டீக்கு அவனே கொடுத்துவிட்டான். நல்ல பையன் என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

காஞ்சிபுரத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். எனக்கு அது ஏனோ ஏமாற்றமாக இருந்தது. பையன் நான் எழுந்திருக்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். வலது பக்கம் பிடித்தான், அதனால் என்ன.

பையனுடைய அம்மா மோனியின் கையைப் பிடித்து, "கார்ட்டூன்ல பேசுறியாமே, பேசிக் காட்டு பாப்போம்" என்றார். மோனி சிஹோ குரலில் ஒரு வரி பேசினாள். எல்லோரும் கைதட்டினார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் இப்டி அலைய வேணாம்மா. நிம்மதியா வீட்ல இருக்கலாம்" என்றார் அந்த அம்மா, அன்பாகத்தான்.

"சரிங்க ஆன்ட்டி" என்றாள் மோனி.

ஸ்டூடியோவில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யார் பேசினாலும் வாயசைவைப் பார்க்கிறேன், அங்கே அதற்கு லிப் என்று பெயர். அந்த 'சரிங்க'வில் வாய் சரியாக அசைந்தது, சரியான இடத்தில் மூடியது. மூச்சு மட்டும் இல்லை. ரேணுகா மேடமாக இருந்தால் 'ஒன் மோர்' கேட்டிருப்பார். நான் கேசரித் தட்டை நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றேன்.

தை பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

டிசம்பர் 11, புதன்

வராந்தாவில் சாரல் அடித்ததால் ரேணுகா மேடம் என்னை உள்ளே கூப்பிட்டு, சவுண்டு இன்ஜினீயர் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோனி, மைக் முன்னால். மூலையில் இஸ்ரவேல், கையில் வசனக் காகிதம்.

திரையில் சிஹோவும் தகுமாவும் நூலகப் படியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். சிஹோவின் அப்பா ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர். அவரைப் பற்றி அவள் தகுமாவிடம் சொல்கிறாள். மோனி பேசினாள்:

"எங்கப்பா தூக்கத்துல கூட, படியில நிக்காதீங்க, உள்ள வாங்கன்னு சொல்லுவாரு. யாரும் விழுந்துடக் கூடாது அவருக்கு. எல்லாரும் உள்ள வந்துட்டா போதும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரேணுகா மேடம் திரும்பி இஸ்ரவேலிடம், "ஜப்பான் ரயில்ல ஏதுப்பா படி? ஒரிஜினல்ல என்ன வருது?" என்று கேட்டார்.

"பிளாட்பாரத்துல மஞ்சக் கோட்டுக்கு உள்ள நில்லுங்கன்னு தூக்கத்துல அறிவிப்பு செய்வாருன்னு வரும் மேடம். நம்ம ஆளுங்களுக்குப் புரியணும்லா, அதான்."

"நல்லாருக்கு, வச்சிக்கலாம்."

இரண்டாவது டேக் ஓகே ஆனது. மோனி என் பக்கம் பார்க்கவில்லை. இஸ்ரவேல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெருமையாக இன்ஜினீயரிடம், "அது நாந்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். வடபழனி சிக்னல் சிவப்பில் நின்றபோது என் சிரிப்பும் நின்றது.

டிசம்பர் 12, வியாழன்

தூக்கமில்லை. அதனால் தூக்கத்தில் பேசவும் இல்லை.

எழுதுகிறவர்கள் கற்பனையாக எவ்வளவோ எழுதுவார்கள். ஜப்பானில் ஒரு அப்பா, அயனாவரத்தில் ஒரு அப்பா, தற்செயலாக ஒத்துப்போகிறது. இதில் பெரிதாக நினைக்க ஒன்றுமில்லை. நினைக்கவும் இல்லை. கீரையில் உப்பு போடச் சொன்னாள் பரிமளா, சர்க்கரையைப் போட்டேன்.

டிசம்பர் 14, சனி

மோனியிடம் கேட்க வாயெடுத்தேன். குக்கர் விசில் அடித்தது. நாளை.

டிசம்பர் 15, ஞாயிறு

சரோஜா அக்கா மோட்டார் போடச் சொல்லி வந்தார். நாளை.

டிசம்பர் 17, செவ்வாய்

பூனை வந்தது. எங்கள் தெருவில் பூனையே கிடையாது.

டிசம்பர் 18, புதன்

தகுமாவைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. இன்று அவன் ஒரு முழு எபிசோடும் ஒரு குடையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறான். "ஒரு வார்த்த சொன்னா என்னவாம், வாயில கொழுக்கட்டையா" என்று முணுமுணுத்தேன். மைக் இடைவேளையில் வெளியே வந்த மோனி அதைக் கேட்டுவிட்டாள்.

"அவனுக்கு பயம் ப்பா."

"இன்னா பயம்?"

"கேட்டுட்டா பதில் வந்துடுமே."

தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஏசி குளிரிலும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஏகாம்பரம் வந்தார். மண்டபம் பேசிவிட்டார். பரிமளாவுக்கு அப்பா போனபிறகு அவர்தான் அப்பா. எங்கள் கல்யாணத்தில் எனக்கு வாங்கிய மோதிரம் என் கட்டைவிரலில்கூட நிற்கவில்லை என்று இன்றுவரை கேலி செய்கிற மனிதர். நான் அவ்வளவு ஒல்லி. அவரிடம் எனக்குப் பிரியமும் உண்டு, பயமும் உண்டு.

"ஸ்டூடியோல என்ன மாதிரி ஆளுங்க மாப்ள? சின்னப் பசங்களா?"

"ஹீரோவுக்கே முடி இல்ல மச்சான்."

"அதானே. நம்ம பொண்ணு தலையே நிமிராது. காஞ்சிபுரத்துல அந்தத் தைரியத்துலதான் வார்த்த குடுத்துருக்கேன். குடுத்தா குடுத்ததுதான் எனக்கு."

மோனி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தலை நிமிரவில்லை.

இஸ்ரவேல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருக்கிறான். அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இஸ்ரவேல். எழுதிவிட்டு அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரத்தின் காதில் அது எப்படி விழும் என்று ஒரு தடவை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

ஸ்டூடியோவுக்கு லீவு. மோனி தானாகவே வந்து, "ப்பா, பழைய சீரிஸோட கடைசி எபிசோடு பாக்கறியா?" என்று டிவியில் போட்டுவிட்டாள். ஜப்பான் பேச்சு, கீழே இங்கிலீஷ் எழுத்து. எழுத்து எனக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறது. தேவைப்படவில்லை.

ரயில் நிற்கிறது. சிஹோ பெட்டிக்குள், தகுமா பிளாட்பாரத்தில். கதவு மூடுகிறது. அவன் வாயைத் திறக்கிறான், ரயில் சத்தம். அவள் கண்ணாடியில் கை வைக்கிறாள். ரயில் போய்விடுகிறது. காலியான தண்டவாளத்தை ரொம்ப நேரம் காட்டுகிறார்கள். முடிந்தது.

"இன்னா கத இது" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

"சிலபேருக்கு இதான் ப்பா பிடிக்குது. நெஜ வாழ்க்கை மாதிரி இருக்காம்."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பரிமளா இவ்வளவு நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அந்தப் பொண்ணோட அப்பன் ஸ்டேஷன்லதான வேல பாக்கறான்? அந்த நேரத்துல எங்க போனான்? ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்காதா?"

பொதுவாகத்தான் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வெங்காயத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

டிசம்பர் 30, திங்கள்

இஸ்ரவேல் ஊரிலிருந்து வந்துவிட்டான். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தூத்துக்குடி மக்ரூன் கொடுத்தான். முந்திரி வாசனை. மோனி ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அடுப்படி டப்பாவில் ஒரு முழுப் பாக்கெட் மக்ரூன் இருக்கிறது. "ரேணுகா மேடம் குடுத்தாங்களாம்" என்றாள் பரிமளா.

நல்ல மேடம். இரண்டு சாப்பிட்டேன்.

ஜனவரி 3, வெள்ளி

ஏஜெண்ட் புது டைரி கொடுத்துவிட்டார். இந்த வருஷம் சிலிண்டர் தேதிக்கு முன்னாலேயே நான் முந்திக்கொண்டேன்.

இன்று கடைசி எபிசோடு. புத்தகத்தில் உள்ள முடிவு. அதே ரயில், அதே கதவு. ஆனால் மூடுவதற்குள் சிஹோ சூட்கேஸோடு இறங்கிவிடுகிறாள். சொல்கிறாள்: "நாளைக்குச் சொல்ல எனக்கு நாளே மிச்சம் இல்ல. அதனால இன்னிக்கே சொல்றேன்." பிறகு ஒரு மூச்சு. பிறகுதான் அந்த வார்த்தை.

மோனிக்கு அது வரவில்லை. லிப் சரியாக இருந்தது, குரலும் நன்றாக இருந்தது. ரேணுகா மேடம் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். "அழாத மோனிஷா. அவ அழல. அவளுக்கு பயம். சொன்னப்புறம் என்ன ஆகும்னு பயம். அந்த மூச்சு எனக்கு வேணும்." ஒன் மோர். ஒன் மோர். கண்ணாடிக்குப் பின்னால் மோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனைச் சரிசெய்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை. காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் நாற்காலிகள் எல்லாம் காலி. இஸ்ரவேல் மட்டும் வாசல் படியில் தூறலில் நின்றுகொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் அந்த வரியைத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. லிப் பார்க்கிற பழக்கம்.

"உள்ள இருக்க வேணாமா தம்பி? நீங்க எழுதினதுதான?"

"நான் இருந்தா அவங்களுக்கு..." என்று நிறுத்தினான். "சரியா வராது சார்."

"அந்தப் படி வசனம்" என்று ஆரம்பித்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"மாத்திருதேன்னுதான் சார் சொன்னேன். அவங்கதான், வேண்டாம், இருக்கட்டும், அப்பா கேக்கணும்னாங்க."

இதற்கு நான் என்ன சொல்வது? ஒரு பெரிய மனிதன் சொல்லக்கூடிய வாக்கியங்கள் நிறைய இருக்கும். உள்ளேயிருந்து ரேணுகா மேடம், "ஓகே, இதான், இதான்" என்று கத்துவது கேட்டது. நான் பார்க்காத நேரத்தில் மோனி சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. காப்பி சாப்டலாம்" என்றேன்.

"எதுக்கு சார்?"

"முட்டி எப்டி இருக்குன்னு பாக்கறதுக்கு."

திரும்பி வரும்போது சிக்னலில் நின்ற ஸ்கூட்டியில் அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன், "அந்த வசனம் நல்லாருந்துச்சு மோனி."

"எது ப்பா?"

"படி."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்தான். அவள் வண்டியை எடுக்கவில்லை. "மூணு வாரம் ஆச்சு ப்பா" என்றாள்.

"முட்டி வலி" என்றேன்.

மாடிப்படி ஏறும்போது என் கையை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பற்றி நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

ஜனவரி 4, சனி

சொல்லவில்லை. ஆனால் ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை ஒத்திகை பார்த்த வசனம். போனில் அவர் "சொல்லுங்க மாப்ள" என்றதும் பாதி மறந்துவிட்டது.

"நிச்சயத்த நிறுத்தணும் மச்சான்."

"ஏன், பொண்ணு ஏதாச்சும் சொல்லிச்சா?"

"இன்னும் நான் கேக்கல."

"கேக்காமயே நிறுத்தச் சொல்றீங்களா? பைத்தியமா மாப்ள உங்களுக்கு?"

"ஆமாங்க."

"காஞ்சிபுரத்துக்காரன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? யாரு அவன்? என்ன ஆளுங்க?"

பேர் சொல்ல வாயெடுத்தேன். பரிமளா வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம். வெளியே வரும்போது மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணன் கொஞ்ச நாளைக்குப் பேச மாட்டாராம்" என்றாள். உளுந்தை அளந்து தண்ணீரில் போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள், "நாளைக்கு எத்தன பேரு?"

யாரும் வருவதாக, விழித்திருந்தபோது நான் அவளிடம் சொல்லவே இல்லை.

"ஒருத்தர்தான்" என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையிலிருந்து என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டேன். வேலை, குடும்பம், ஊர், பிறகு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்கிற கேள்வி, பிறகு என் மகளைப் பற்றி இரண்டு வார்த்தை, கொஞ்சம் கண்டிப்பான முகம். முகத்தைக்கூட ஒத்திகை பார்த்தேன். பரிமளா அந்தப் பக்கம் வந்தவள், "வயித்த வலிக்குதா?" என்று கேட்டாள்.

மோனி தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வடை வாசனைக்கு, "இன்னிக்கு என்னம்மா விசேஷம்?" என்றாள். பரிமளா என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

பத்து மணிக்குமேல் கீழே கேட் சத்தம். சரோஜா அக்கா யாரையோ "மேல, மேல" என்பது கேட்டது. படியில் காலடி. பாதிவரை வந்தது, அப்புறம் வரவில்லை. காத்திருந்தோம். வரவே இல்லை.

"யாரோ படியில நிக்கிறாங்க, போய்ப் பாருங்க" என்றாள் பரிமளா. போடப்போன வடையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நடுப்படியில் இஸ்ரவேல். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறான். சட்டையில் மழைப் புள்ளிகள், கையில் மக்ரூன் பாக்கெட். மேலே ஏறுவதா, திரும்பி ஓடுவதா என்று முடிவுசெய்யாத கால்கள். அந்த மாதிரிக் கால்களை நான் காலமெல்லாம் பார்த்திருக்கிறேன்.

வேலை, குடும்பம், ஊர், கண்டிப்பான முகம், எல்லாம் போய்விட்டது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"படியில நிக்காதீங்க. உள்ள வாங்க."

எனக்குப் பின்னால் பீன்ஸ் தட்டு தரையில் விழுந்தது. அதோடு ஒரு மூச்சு. பெரிய மூச்சு, வார்த்தைக்கு முன்னால் வருகிற மூச்சு. ரேணுகா மேடம் இருந்திருந்தால் முதல் டேக்கிலேயே ஓகே சொல்லியிருப்பார்.

இஸ்ரவேல் உள்ளே வந்தார்.